குப்பிக்குள் இருந்த பூச்சி

மெத்தைக்கடையில் உட்கார்ந்து ஓயாமல் தும்மியதற்குக் கண்ணேறுதான் காரணம் என்று வாசலில் பூசணிக்காய் உடைத்த மடையன் நான். மெத்தையில் வாழும் தூசிப்பூச்சி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கடையை மூடு, இல்லையென்றால் சில வருடம் ஊசி போட்டுக்கொள் என்றார் தக்கலை டாக்டர். கடையை மூடினால் சோறு இல்லை. கையை நீட்டினேன்.

ஊசி போட்ட சிஸ்டர் ஒல்லியாக, முகத்துக்குப் பெரிதான கண்ணாடியோடு இருப்பார். குத்தியதும் அரைமணி நேரம் எதிரே நாற்காலி போட்டு என் முகத்தையே பார்ப்பார். என்மேல் அப்படியொரு அக்கறை என்று உருகிப்போனேன். பூச்சியைக் கொல்லும் மருந்து என்று ஊரெல்லாம் பீற்றினேன்.

தும்மல் குறைந்த தெம்பில் ஒருநாள், குப்பியில் என்ன மருந்து என்று கேட்டேன்.

"அந்தப் பூச்சிய அரச்சு எடுத்த சாறுதான். கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக் குடுத்தா ஒடம்பு பழகிரும், அதோட சண்டைக்குப் போவாது. சிலருக்கு உதடு வீங்கும், அதான் பாத்துட்டே இருக்கேன்."

நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தேன். "இவ்வளவு நாளும் எதிரியவா உள்ள ஏத்துனிய? நம்பி வந்தேனே சிஸ்டர்! ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

அடுத்த ஆளுக்கு மருந்தை உறிஞ்சியபடியே அவர் கேட்டார்:

"சொல்லியிருந்தா கைய நீட்டியிருப்பியளா?"