வெயிலில் காய்ந்த மூன்று தட்டுகள்

சூரமங்கலத்தில் என் வீட்டுக்காரர் ரயில்வே குமாஸ்தா. அவருடைய வெள்ளைக்கார அதிகாரி சீமைக்குப் புறப்பட்டபோது நான்கு இசைத்தட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார். நான்கும் சேர்ந்து ஒரே உருப்படி: ஒற்றை வயலின், கூடவே ஐம்பது அறுபது பேர் வாத்தியம். உயிரோடிருக்கும் யாரோ புதிதாக எழுதியதாம்.

முதல் தட்டை அன்று மாலையே எங்கள் கிராமபோன் பெட்டியில் வைத்தார். "ஒருத்தன் அழுவறான், ஊரே சேந்து அதட்டுது. இதுக்குப் பேரு பாட்டுங்களா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்குக் காது அடைத்துக்கொண்டு வந்தது. சில மாதங்களில் முழுக்கப் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதிகாரி வீட்டு வேலியோரம் நின்று அரைகுறையாகக் கேட்டதை, அதற்குள் ஒருமுறை கடைசிவரை கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. இரண்டாம் தட்டை எடுக்குமுன் ஆபீஸிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டுப் போனான்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி வந்து, அதிகாரியின் மனைவி போன மாதம்தான் செத்தாள் என்றாள். எனக்குத் திக்கென்றது. இழவு வீட்டுச் சாமானை நனைக்காமல் உள்ளே வைப்பார்களா? நான் பள்ளிபாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். எதையும் அலசி வெயிலில் போட்டால் சரியாகிவிடும் என்று வளர்ந்தவள். மூன்று தட்டுகளையும் கழுவிக் கயிற்றுக் கட்டிலில் பரப்பினேன். பெட்டி மூடிக்குள் இருந்த முதல் தட்டு என் கண்ணில் படவில்லை.

மத்தியானம் போய்ப் பார்த்தால் மூன்றும் அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தன.

மாலையில் அவர் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஊசி துள்ளித் துள்ளி விழுந்தது. "என்ன புள்ள பண்ணி வெச்சே?" என்றார். மூன்றையும் துடைத்து உறையில் போட்டு அடுக்கி வைத்தார். நாலு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சேலத்தில் நான் ஏறாத கடையில்லை. யுத்த காலம், சீமையிலிருந்து தட்டு வருவதே நின்றிருந்தது.

காதும் போயிற்று. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முதல் தட்டை வைப்பார். பெட்டிமேல் ஒரு கை, என் கைமேல் ஒரு கை. "வயலின் வந்துருச்சா?" என்பார். வந்ததும் அவர் விரலை அழுத்துவேன். கிண்டல் செய்த எனக்கு அது மனப்பாடமாகியிருந்தது, பாவி.

ஒருநாள் நான் ஊசியைத் தூக்கியதும், "முடிஞ்சுதா?" என்று கேட்டார். வயலின் பாதியிலேயே நின்றுபோகிற இடம் அது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

"பொய் சொல்லாத சாமி," என்றார், கையை விடாமல். "இன்னும் மூணு தட்டு இருக்குது."