ஈரத்துக்குக் கழிக்காத எடை

பிள்ளைக் காம்பிராவில் ஆயா வேலை என்றால் குழந்தைகளைக் கொஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று நினைப்பவர்கள், கூடலூர்ப் பக்கத்து மழையில் ஒரே ஒரு நாள் துணி உலர்த்திப் பார்க்க வேண்டும். தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் அறையைத்தான் காம்பிரா என்போம். இலங்கைத் தோட்டத்திலிருந்து எங்களோடு கப்பலேறி வந்த பேர் அது.

அன்று இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். நடக்கிற பிள்ளைகள் நாலு. தவழ்கிற பிள்ளை ஒன்று. தொட்டிலில் மல்லிகாவின் ஐந்து மாதப் பையன். கஞ்சி காய்ச்சும் ராசம்மா. பிறகு நான். தேயிலை விலை விழுந்து, குடும்பம் குடும்பமாகத் திருப்பூருக்குப் போவதற்கு முன்னால் இதே அறையில் தொட்டில் மட்டும் ஏழு தொங்கியது. பிள்ளைகள் குறைந்தால் வேலையும் குறையும் என்று ஆபீசில் நினைத்தார்கள். இந்த வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், வயிறு சரியில்லாத பிள்ளை ஒன்று இருந்தால் போதும், ஏழு தொட்டிலையும் ஒன்றாக ஆட்டுவது போலத்தான்.

சோப்பு நுரை

பையனுக்குக் காலையிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. பச்சையாக, நுரைநுரையாக, புளித்த மாவு வாடையோடு. வயிறு உப்பிக் கல்லாக இருந்தது. காலை மடக்கி மடக்கி அழுவான். பால் குடித்த கொஞ்ச நேரத்தில் மறுபடி பசிக்கும். தோல் சிவந்துபோய், துணி பட்டாலே துடித்தான். காம்பிராவில் இருந்த துணி பதினெட்டு. மழை நாளில் அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் உலர்த்துவோம். பதினெட்டும் நனைந்து, கயிற்றில் உலர்ந்தது ஒன்றுகூட மிச்சமில்லாமல் என் தலைத்துண்டைக் கிழித்துக் கட்டினேன்.

பால் கொடுக்க மல்லிகா மலையிலிருந்து ஓடி வந்தாள். ராசம்மா ஒரு துணியைக் குச்சியால் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். "ஏன்டி, நீ புள்ளைக்குப் பால் குடுக்குறியா, சோப்புத் தண்ணி குடுக்குறியா?"

மருந்துக்கடை

அப்போது வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. அதில் ஒரு நாளை விட்டுவிட்டு மல்லிகா பிள்ளையோடு கூடலூருக்கு ஜீப் ஏறினாள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றதால் நானும் போனேன். டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். பையனின் எடை போன மாதத்தைவிடக் குறைந்திருந்தது. பாலில் இருக்கும் சர்க்கரை இவனுக்குச் செரிக்கவில்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது என்றார். ஒரு வாரம் பார்ப்போம், எடை ஏறாவிட்டால் தாய்ப்பாலை நிறுத்திவிட்டு, அந்தச் சர்க்கரை இல்லாத டின் மாவு கொடுத்துப் பார்க்கலாம் என்று அதன் பேரை எழுதிக் கொடுத்தார்.

மல்லிகா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். நிறுத்தினால் வற்றும், வற்றினால் திரும்ப ஊறாது என்பது அவள் பயம். எங்கள் ஊற்றுத் தண்ணீரில் அந்த மாவைக் கரைத்துக் கொடுத்தால் இவன் தாங்குவானா என்பது என் பயம். எதற்கும் விசாரித்து வைப்போம் என்று மருந்துக்கடையில் ஏறினோம். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர் கடை. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, இந்த மாவையெல்லாம் இங்க யாருங்க கேக்கறாங்க? கோயமுத்தூர்ல சொல்லித்தான் வரவைக்கோணும்ங்க. மழையில ரோடு போச்சுன்னா அதுவும் வராதுங்க. அதுவரைக்கும் பையனைப் பசிக்காம இருக்கச் சொல்லுங்க."

பத்தியம்

எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ராசம்மா ஓமத் தண்ணீரோடு வந்தாள். டாக்டர் சொல்லாத எதையும் நான் அவன் வாயில் விடவில்லை. ஆனால் மல்லிகாவின் வாயை யார் காப்பது? மாமியார் பலாப்பழத்தை நிறுத்தினார். நாத்தனார் பருப்பை நிறுத்தினாள். பக்கத்து வீட்டுக்காரி கிழங்கும் முட்டையும் ஆகாது என்றாள். ரசம் சோற்றில் வந்து நின்றது.

அந்தச் சோற்றோடு மலையேறி இறங்குகிறவள் கன்னம் எப்படி இருக்கும்? பையனுக்கும் நுரை நிற்கவில்லை. கழுத்து மடிப்புகள் தளர்ந்துவிட்டன. அவன் அழுதால் பயமாக இருக்கும். அழாமல் கிடந்தால் அதைவிடப் பயமாக இருக்கும், போய் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்று மல்லிகாவிடம் கஞ்சியை நீட்டினேன். "இனி நான் தின்ன மிச்சம் இருக்கறது தேயிலை ஒண்ணுதான் ஆயா. அதைத்தான் இப்ப யாருமே தொட மாட்டேங்கிறாங்களே."

நர்ஸம்மா

டிஸ்பென்சரி நர்ஸம்மா மலையாளத்துக்காரி. பிள்ளைகளை எடை போட வந்தவர் பையனையும் போட்டார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டதால் காம்பிராவிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போது மல்லிகா வந்தாள். இடுப்பில் கட்டிய ஈரச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. நின்றபடி பிள்ளையை வாங்கி இடது பக்கம் கொஞ்சம், பிடுங்கி வலது பக்கம் கொஞ்சம். கண்ணெல்லாம் வாசலில். கொழுந்து நிறுக்கக் கூப்பிடும் நிறுவைச் சங்கு ஊதிவிட்டால் ஓட வேண்டும். கொழுந்து கிலோ குறைந்தவர்களை மறுநாள் வேலைக்குக் கூப்பிடாத காலம் அது.

எங்கள் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் கொடுப்பார்கள். ஒரு பக்கத்தை விட்டுவிட்டால் அது கட்டிக்கொண்டு, கூடை சுமக்கும்போது வலி உயிர் போகும். வீட்டிலும் இப்படியா என்று நர்ஸம்மா கேட்டார். மாமியாரும் ரெண்டு பக்கமும் குடுக்கச் சொல்வாங்க என்றாள் மல்லிகா. முதலில் வருவது மெல்லிய பால், அதிலிருக்கும் சர்க்கரைதான் வயிறு முட்டப் போகும், கொழுப்புள்ள பால் கடைசியில்தான் வரும் என்று நர்ஸம்மா விளக்கினார். அவன் தானாக விடும்வரை ஒரே பக்கம், அடுத்த வேளைக்கு அடுத்த பக்கம். டாக்டரிடம் நானே பேசுகிறேன், இன்றிலிருந்து ஒரு வாரம் செய்து பார்ப்போம் என்றார். "எடீ மோளே, நீ ரெண்டு பக்கமும் அவனுக்கு ரசத்தை மட்டும் ஊத்திட்டு, சோறு போடறதுக்கு முன்ன எலையை எடுத்துடற."

தராசு

சொல்வது எளிது. பையன் குடிப்பான், கண்ணை மூடுவான், மறுபடி குடிப்பான். சங்கு அவனுக்காகக் காத்திருக்காது. வேலை பிரித்துக் கொழுந்து நிறுக்கும் மேஸ்திரியிடம் யாராவது கேட்க வேண்டும். எனக்கு அவரிடம் "சரிங்க" என்பதைத் தவிர வேறு பேசிப் பழக்கமில்லை. மல்லிகாவுக்குக் காம்பிராவை ஒட்டிய தேயிலை நிரை கொடுங்க என்று எப்படியோ கேட்டுவிட்டேன். அந்தச் சரிவில் கொழுந்தே இல்லை, அவள் கிலோவுக்கு நான் எங்கே போவேன் என்று அவர் திரும்பி நடந்துவிட்டார். 

மறுநாள் கொழுந்துத் தராசு வழக்கம்போல மேலே பாறைக்குப் பக்கத்தில் தொங்கவில்லை. எங்கள் காம்பிரா வாசல் உத்திரத்தில் தொங்கியது. மல்லிகாவின் சாக்கு வரிசையில் கடைசி. அத்தனை பெண்களும் நிறுத்து முடிக்கும்வரை அவள் உள்ளே உட்கார்ந்து கொடுத்தாள். "சத்தம் போடாதீங்கடி, உள்ள தொரை சாப்புடறாரு" என்று வரிசையில் யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு. மேஸ்திரி முறைத்தார். "மழைக்குத்தான் இங்க மாத்துனேன். வேற எதுக்கும்னு எவளாச்சும் பேசுனா நாளைக்கே மேல கொண்டு போயிருவேன்."

நிறுவை

வாரம் முடிந்த நாளில் நர்ஸம்மா வந்தார். கொழுந்துத் தராசை இறக்கிவிட்டு, அதே கொக்கியில் தன் சின்னத் தராசை மாட்டித் துணித் தொட்டிலில் பையனைப் போட்டார். நடுவில் இரண்டு நாள் நுரை குறைந்து, ஒரு நாள் கூடியிருந்தது. அதனால் நான் முள்ளைப் பார்க்காமல் மல்லிகாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துப் பையன் தொட்டிலை நனைத்தான்.

மழை நாளில் கொழுந்துக்கு ஈரம் என்று ஒவ்வொரு சாக்குக்கும் இரண்டு கிலோ கழிப்பது மேஸ்திரியின் வழக்கம். பழக்கத்தில் அவரே எட்டி முள்ளைப் பார்த்து, எடையைச் சத்தமாகச் சொன்னார். போன வாரத்தைவிட இருநூறு கிராம் கூடுதல். மல்லிகா ஈரத்தோடு பையனை வாரி எடுத்துக்கொண்டாள். தாய்ப்பாலே போதும் என்று பிறகு டாக்டரும் சொன்னார். ஆனால் அன்று முதலில் சத்தம் போட்டது அடுப்படியிலிருந்த ராசம்மா. "மேஸ்திரி, ஈரத்துக்குன்னு எம்புள்ளைகிட்ட ஒரு கிராம் கழிச்சீங்க, இனி உங்களுக்கு இங்க டீ கிடையாது!"

நான் வேலையை விட்டு நிற்கும்வரை தேயிலை விலை ஏறி நான் பார்க்கவில்லை, ஆனால் அன்று சாயங்காலம் அடுப்புக்கு மேலே கயிற்றில் யாருக்கும் தேவைப்படாமல் மிச்சம் தொங்கிய உலர்ந்த துணி பதினொன்று.