போதகர் வீட்டுக்காரி எல்வா

எல்வா வென்ட்ஸெல் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. ஆனாலும் யார் வீட்டுக்குப் போனாலும், நீட்டிய காபியை வாங்குவதற்கு முன் என் கண் நிலவறைக் கதவைத்தான் தேடுகிறது. இந்தக் கெட்ட பழக்கத்தை என்னிடம் ஒட்டவைத்தவள் அவள்தான். கோடைதோறும் அவளோடு வீடு வீடாகச் சுற்றியதில் வந்தது.

எங்கள் ரிட்ஸி துறையில், கடல் உள்வாங்கிய இந்தக் குட்டி மீன்பிடி ஊரில், வீடு கட்டிய இடத்திலேயே கிடக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. எல்லாம் மரவீடுகள். மகனுக்குக் கல்யாணம், அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம், கரையோரம் மீன் அற்றுப்போன வருஷம் என்று ஏதோ ஒன்று நடக்கும். குளிர்காலத்தில் துறையின் தண்ணீர் உறைந்ததும், நிலவறையை அப்படியே விட்டு, புகைபோக்கியைப் பிரித்து வைத்துவிட்டு, வீட்டின் அடிச்சட்டத்தில் சங்கிலி மாட்டிக் காளைகளைப் பூட்டிப் பனிக்கட்டியின்மேல் அக்கரைக்கு இழுத்துப் போய்விடுவார்கள். நோவா ஸ்கோஷியாவின் இந்தக் கரையில் முன்னோர் வீட்டைத் தேடுவது தப்பித்துப்போன கோழியைத் தேடுகிற மாதிரிதான்.

எல்வா காலமெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஓய்வு பெற்ற பிறகும், பள்ளிப் பேருந்துக்கான விதிப்படியே, சொந்தக் காரில் ரயில் பாதையைக் கண்டால் நிறுத்தி, கதவைத் திறந்து, இரண்டு பக்கமும் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் தாண்டுவாள். தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து வருஷக்கணக்காகிவிட்டது என்று சொன்னாலும் கேட்கமாட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கொள்ளுத்தாத்தாவான போதகர் கான்ராட் வென்ட்ஸெலின் வாரிசுகளையும், அவர்கள் வாழ்ந்த வீடுகளையும் கண்டுபிடிப்பதே வேலை என்று கிளம்பிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரியான நான் டார்ச் பிடிக்கிறவள்.

அவள் பாதி விவரங்களைக் கல்லறைகளில் எடுத்தாள், மீதியை நிலவறைகளில். எந்த வீட்டிலும் நேரே கீழே இறங்கி, முழங்காலிட்டு, அடிச்சட்டத்தைக் கையால் தடவிப் பார்ப்பாள். இழுத்துவந்த வீடென்றால் சங்கிலி கடித்த பள்ளம் மரத்தில் இருக்கும்.

"உங்க வீடு இங்க பிறக்கல கண்ணு, வந்து ஒட்டிக்கிட்டதுதான்" என்று சிரிக்காமல் தீர்ப்புச் சொல்வாள். வீட்டுக்காரர்கள் முகம் தொங்கிப்போகும். சிலர் கேக்கைக்கூட வெட்டாமல் எங்களை அனுப்பியிருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் தவறாமல் ஒரு வசனம் வரும். "ஏண்டி மார்ஜரி, இந்தத் துறையிலேயே போட்ட இடத்துல நிக்கிற வீடு எங்களோடது ஒண்ணுதான்."

மேட்டில், தேவாலயத்தைத் தாண்டி, அவள் குடியிருந்த வெள்ளை வீட்டைத்தான் சொல்கிறாள். ஊரே அதைப் போதகர் வீடு என்றது. அந்தப் பெயர் அவளுக்குப் புருஷன், பிள்ளைகுட்டி எல்லாமும்.

அவள் வரைந்த வம்ச மரத்தில் ஒரு கிளை மட்டும் மொட்டை. போதகரின் மூத்த மகள் லூயிசா, எதிரே ஆட்டுத் தீவில் இருந்த ஒரு கத்தோலிக்க மீனவனோடு ஓடிப்போனவள். கத்தோலிக்கரோடு ஒட்டாத லுத்தரன் சபைப் போதகரின் மகள் அப்படிப் போகலாமா? அவர் அன்றைக்கே கதவைச் சாத்திவிட்டார், சாகும்வரை அவள் பேரைச் சொல்லவில்லை என்பது வென்ட்ஸெல் வீட்டில் வழிவழியாக வந்த பேச்சு. லூயிசாவின் கொள்ளுப்பேரன் லியாண்டர் சுரெட் அப்போதும் அதே தீவில் சிங்கி இறால் பிடிக்கப் பொறி போட்டுக்கொண்டிருந்தார். எல்வா அவரை வாரிசாகவே சேர்க்கவில்லை. "அந்தப் பக்கம் மீன் நாத்தம்" என்று மூக்கைச் சுளிப்பாள். அது எனக்குப் பிடிக்காது. சொல்லியும் இருக்கிறேன்.

கடைசியில் ஓர் ஆகஸ்டில் எல்லா வாரிசுகளையும் வரவழைத்தாள். பாஸ்டன், ஒன்டாரியோ என்று எங்கெங்கோ இருந்து வருவதாகப் பதில் வந்தது. 'போதகர் வென்ட்ஸெல் கட்டி வாழ்ந்த வீடு' என்று பொறித்த வெண்கலப் பலகையும் வந்துவிட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் திறப்பு.

அதற்கு முந்தைய வாரம் நிலவறையைச் சுத்தம் செய்ய இறங்கினோம். நடுவில் ஒரு சதுரக் கல்மேடை உண்டு. ஜாம் பாட்டில் அடுக்கத்தான் போதகர் கட்டினார் என்பாள். சுவரோரம் உருளைக்கிழங்குத் தொட்டி. அதை அவள் பிறந்ததிலிருந்து யாரும் நகர்த்தியதில்லை. இருவருமாகத் தள்ளினோம்.

பின்னால் இருந்த அடிச்சட்டத்தில் பள்ளங்கள். சங்கிலி கடித்தவை.

"டார்ச்சை நல்லாப் பிடிடி."

பிடித்தேன். அவள் தடவினாள். பிறகு திரும்பிக் கல்மேடையைப் பார்த்தாள். அதற்கு நேர்மேலே புகைபோக்கி இல்லை. வீட்டின் புகைபோக்கி வேறு மூலையில் இருந்தது. இத்தனை காலம் ஜாம் பாட்டில் தாங்கியது வேறொரு வீட்டுப் புகைபோக்கியின் அடித்தளம். வீடு வேறு, நிலவறை வேறு.

"மார்ஜரி, இது வந்து ஒட்டிக்கிட்டது" என்றாள். நான் அவளைத் தொடப் போனேன், கையைத் தட்டிவிட்டாள்.

மறுநாள் காலை ஒரு கயிற்றால் கல்மேடையை நாலு பக்கமும் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு, "கிளம்பு" என்றாள். போதகர் கட்டிய வீடு எங்கே போனது என்று தேட, அவள் இதுவரை கால் வைக்காத வீடு துறையில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

ஆட்டுத் தீவின் படகுத்துறையில் லியாண்டர் பொறியின் வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"அடடே, போதகர் வீட்டுக்காரி! காத்து திசை மாறி அடிக்குதோ?"

"உன் வீட்டைப் பாக்கணும் லியாண்டர்."

"எதுக்கு? மீன் நாறுமே."

எல்வா படகிலிருந்து இறங்கி அவர் எதிரே நின்றாள். அவர் அவள் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார், ஊசியைக் கீழே வைத்தார், உள்ளே கூட்டிப்போனார். நடுக்கூடத்தில் பழைய பலகைத் தரை. அதில் ஒரு சதுரம் மட்டும், பழைய புகைபோக்கி ஏறிய ஓட்டையை அடைத்த மாதிரி, வேறு மரத்தால் ஒட்டுப்போட்டது. எல்வா கயிற்றை விரித்தாள். ஒவ்வொரு மூலையிலும் ஒரு முடிச்சு சரியாகப் போய் உட்கார்ந்தது.

"தெரியுமா உனக்கு?"

"எங்க எல்லாருக்குமே தெரியும்."

"ஏன்யா சொல்லல?"

"நீங்க யாராவது கேட்டீங்களா? மேட்டை அவங்க வெச்சுக்கட்டும், நமக்கு வீடு இருக்குன்னு எங்கம்மா சொல்லிட்டாங்க."

பிறகு சொன்னார். லூயிசா முதல் குளிர்காலத்தைக் கைக்குழந்தையோடு புருஷனின் மீன் கொட்டகையில் கழித்திருக்கிறாள். ஒழுகுகிற கூரை, சுவரிடுக்கெல்லாம் காற்று. துறை உறைந்த வாரம் போதகர் சபையாரிடம் காளைகள் கேட்டு, தன் வீட்டைக் கிளப்பி, தானே முன்னால் நடந்து கொண்டுவந்து மகளுக்கு இறக்கியிருக்கிறார்.

"காளைங்க சும்மா திரும்பிப் போகணுமான்னு கேட்டாராம். கொட்டகையை இழுத்துட்டுப் போயிட்டாரு."

எல்வா கயிற்றைச் சுருட்டினாள். "அப்போ என் வீடு..."

"எங்க கொட்டகைதான். பின்னாடிதான் உங்க தாத்தா, போதகரோட மகன், மேல மாடி எழுப்பி வெள்ளையடிச்சாரு. போதகர் சாகிறவரைக்கும் வெறும் கொட்டகையிலதான் இருந்தாரு."

படகில் திரும்பும்போது அவள் கயிற்றின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். பலகையைத் திருப்பி அனுப்பிவிடுவாள், அல்லது ஒன்றும் நடக்காதது போல மாட்டிவிடுவாள் என்று இரண்டு விதமாகவும் நினைத்தேன். யாருக்குத் தெரியப்போகிறது? நானும் வாயைத் திறந்திருக்கமாட்டேன். உள்ளூர அவள் அதை மாட்டிக்கொள்ளட்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

ஞாயிறன்று மேட்டில் எக்கச்சக்கக் கூட்டம். ஊறவைத்த ஹெர்ரிங் மீனும் புளூபெர்ரிப் பணியாரமும் மேசை நிறைய. சுரெட் குடும்பம் முழுக்கக் கோட்டும் தொப்பியுமாக வந்து ஓரமாக நின்றது. அவர்களை யார் அழைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, ஊகிக்க முடிந்தது. கதவுக்குப் பக்கத்தில் மூடி வைத்திருந்த பலகையை எல்வா எடுத்து, துணியோடு லியாண்டரின் கையில் கொடுத்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். பேருந்தின் கடைசி இருக்கை வரை கேட்கும் அந்தக் குரலில் பேசினாள்.

"லூயிசாவுக்கு அவர் கதவைச் சாத்திட்டாருன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. நானும் வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தல. கதவு, ஜன்னல், கூரை எல்லாத்தையும் காளையில பூட்டி மகளுக்கு அனுப்பி வெச்சாரு. மக குளிர்ல நடுங்குன கொட்டகையைத் தனக்கு எடுத்துக்கிட்டு, அதுல தான் நடுங்கிக்கிட்டு செத்தாரு."