திசையன்விளையைத் தாண்டாத கல்லூரி

இன்று சாயங்காலம் வண்ணார்பேட்டையில் உவரி பஸ் ஏறினேன். முன்சீட்டில் ஒரு கல்லூரி மாணவி, கைப்பேசியைப் பார்த்தபடியே நகத்தைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

திசையன்விளையில் பஸ் நின்றதும் விசாரித்தேன்.

"ஆன்லைன் பரீட்சை தாத்தா, இருபது நிமிஷம். இப்பதான் திறந்தாங்க. உவரியில எங்க வீட்டுப் பக்கம் சிக்னல் நிக்காது, வழியிலயே போயிரும். நடுவுல அறுந்தா ஃபெயில்தான்."

கண்டக்டர் விசில் ஊதினார். நான் எழுந்து போய், படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டேன்.

"அண்ணாச்சி, ஏறுதீயளா, இறங்குதீயளா?"

"ரெண்டும் இல்ல வே. அந்தப் பிள்ளை பரீட்சையை முடிக்கட்டும்."

"டிரைவர் கத்துதாரு."

"கத்தட்டும். அவருக்கும் பிள்ளை இருக்கும்லா."

உள்ளே ஒருவர், "கிழவருக்குக் கிறுக்கு" என்றார். காலி மீன்கூடையோடு இருந்த அம்மா அவரை அடக்கினாள்: "நீரு சும்மா இரும் வே, பிள்ளை எழுதுதுல்லா."

டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

"அனுப்பிட்டேன் தாத்தா" என்று அவள் சொன்ன பிறகுதான் ஏறினேன். உவரி வரை கண்டக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் காலத்தில் கல்லூரி தூரத்தில் இருந்தது. பள்ளியோடு என்னை நிறுத்திவிட்டார்கள். மீதியை நானே படித்துக்கொண்டேன். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. இப்போது கல்லூரி கைக்குள்ளேயே வந்துவிட்டது என்கிறார்கள். வந்தது சரி, திசையன்விளையைத் தாண்ட மாட்டேன் என்கிறதே.

உங்கள் பிள்ளைகளின் கல்லூரி எந்த நிறுத்தத்தோடு நின்றுபோகிறது? எழுதுங்கள். படியில் நிற்க எனக்கு இன்னும் கால் இருக்கிறது.