செட் லஞ்சில் ரசம் கிடையாது

பரிமாறுகிற வேலையில் தட்டைத் தூக்குவது சுலபம், பதில் சொல்லாமல் நிற்பதுதான் கஷ்டம். எங்கேயாவது டேபிள் துடைத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பிளஸ் டூவோடு படிப்பு போதும் என்று நிறுத்திவிட்டு, லால்குடியிலிருந்து தினமும் பஸ் ஏறி, தில்லைநகரில் ஒரு சைனீஸ் ஹோட்டலுக்கு வேலைக்குப் போகிறேன். சைனீஸ் என்றதும் கோபி மஞ்சூரியனை நினைக்காதீர்கள். இது கான்டனீஸ், தெற்குச் சீனத்துச் சமையல். ஹாங்காங்கில் சமைத்துவிட்டு ஊர் திரும்பிய ஆரோக்கியம் அண்ணன்தான் மாஸ்டர். மதியம் செட் லஞ்ச்: முதலில் சூப்பு, பிறகு சாதம், ஆவியில் வெந்த மீன், பூண்டு போட்டு வதக்கிய கீரை, கடைசியில் பால் இல்லாத டீ.

பத்தியம்

கே.கே. நகரிலிருந்து வந்த ஒரு சார், மீனில் காரமே இல்லையே என்றார். இஞ்சி, வெங்காயத்தாள், சோயா சாஸ் அவ்வளவுதான், அதுதான் ருசி என்றேன். பாதியை வைத்துவிட்டு எழுந்தார். அன்றைக்கு நிறையத் தட்டுகள் அப்படித்தான் உள்ளே போயின. ஓனர் மேடம் பார்த்துவிட்டார். சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன், இப்படியே மீந்தால் திங்கட்கிழமையிலிருந்து கோபி மஞ்சூரியன்தான் என்று சொல்லிவிட்டார். அதைப் போடச் சொன்னால் வேறு வேலை பார்த்துக்கொள்வேன் என்றார் அண்ணன்.

இத்தனைக்கும் காரணமான சார், பில் கொடுத்துவிட்டுப் போகும்போது கேட்டது: "உடம்பு நல்லா இருக்கும்போதே ஏம்மா பத்தியம் போடுறீங்க?"

மாப்பிள்ளை

உப்பிலியபுரத்திலிருந்து ஒரு குடும்பம், புது மாப்பிள்ளைக்கு விருந்து. நாலு பேருக்குச் சேர்த்து லஞ்ச் சொன்னால் மீன் முழுசாக வரும். முக்கியமான விருந்தாளி பக்கம் தலை இருக்க வேண்டும், அதுதான் மரியாதை என்று அண்ணன் சொல்லிக்கொடுத்திருந்தார். அப்படியே வைத்தேன். மாப்பிள்ளை கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மரியாதை என்று விளக்கிப் பார்த்தேன். மாமியார் கேட்பதாக இல்லை.

"மாப்பிள்ளையை முறைச்சுப் பார்க்குது, திருப்பி வைம்மா."

கிண்ணம்

சாதம் வருவதற்கு முன் சூப்புக் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும். இது மேடம் போட்ட சட்டம். ஆனால் பலர் சூப்பைக் குடிப்பதே இல்லை. ஒரு வாய் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துக்கொள்வார்கள். வியாழக்கிழமை ஒரு பேங்க் அம்மாவின் கிண்ணத்தை எடுக்கப் போனேன். அவர் விடவில்லை. நான் இழுக்க, அவர் இழுக்க, மேஜை விரிப்பில் கொட்டியது. கையை எடுத்துவிட்டேன்.

"இதையும் எடுத்துட்டா சாதத்துல எதை ஊத்திப் பிசையுறது?"

என் லஞ்ச்

கூட்டம் வடிந்த பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம். அன்றைக்கு நானும் ஊற்றிப் பிசைந்தேன். அதுவரை பசிக்காகத் தின்ற அதே செட் லஞ்ச்தான். சோளமும் கேரட்டும் கோழி எலும்போடு கொதித்த சூப்பு சாதத்தில் இறங்கி, மேலே ஒரு துண்டு மீன். சத்தியமாக நன்றாக இருந்தது. வழித்துத் தின்றேன். நிமிர்ந்தால் எதிரே அண்ணன். திட்டு விழும் என்று நினைத்தேன்.

"இன்னும் ஊத்திக்கோ. ஹாங்காங் கிச்சன்ல நாங்களும் இப்படித்தான் சாப்பிடுவோம்."

சனிக்கிழமை

மறுநாளிலிருந்து யார் கிண்ணத்தையும் எடுக்கவில்லை. யோசித்துச் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன், இழுத்து இழுத்து அலுத்துவிட்டது. சனிக்கிழமை ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமா வந்தார். அவருக்கு மீனுக்குப் பதில் டோஃபு வைத்த சைவ லஞ்ச். காய்கறி சூப்பைச் சாதத்தில் விட்டுக் குழைத்துக்கொண்டே, இன்னொரு கிண்ணம் கிடைக்குமா என்று நேராக மேடத்திடமே கேட்டார்.

மேடம் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், யாரைக் கேட்டு இப்படிச் செய்கிறாய் என்று ஆரம்பித்தார். கழுவப் போட்ட தட்டுகள் பக்கத்திலேயே இருந்தன. மீன் முள்ளைத் தவிர ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். திட்டு பாதியில் நின்றது. அண்ணன் அடுப்பை விட்டுத் திரும்பவே இல்லை. மேடம் அவர் முதுகைப் பார்த்துச் சொன்னார்: "திங்கட்கிழமையிலேர்ந்து பெரிய கிண்ணமாப் போடுங்க."

இந்த வேலையில் பாதிச் சம்பளம் கொண்டுபோய் வைப்பதற்கு, மீதிப் பாதி எடுக்காமல் இருப்பதற்கு.