பக்கத்து சீட்டு மின்மினி

என் அக்கா புருஷனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் தொழில். கற்றுக்கொள்பவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பார். மாமா பக்கத்து சீட்டில் இருப்பார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. யாராவது சுவரைப் பார்த்துப் பாய்ந்தால், அதற்குள் மாமாவின் கால் வேலையை முடித்துவிடும். இத்தனை வருஷத்தில் அந்த வண்டி ஒரு பூனையைக்கூட உரசியதில்லை. அதனால் எல்லோருக்கும் அவர் பிரேக் மாமா. தொழிலோடு நின்றால் பரவாயில்லை. நான் ஸ்கூட்டர் ஓட்டினாலும் பின்னால் உட்கார்ந்து எதையாவது மிதிப்பார். தியேட்டரில் கதாநாயகன் காரை விரட்டினால் முன் சீட்டுக்காரர் முதுகில் உதை விழும்.

அக்காவுக்குக் கேக் கடையில் வேலை. கூம்புப் பையில் கிரீமை நிரப்பி, கேக்கின் மேல் பூவும் பெயரும் பிழிவாள். அந்தக் கடையின் பின்படியில் ஈரத்தில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டைப் பிரித்த பிறகு கை வந்தது, பிடி வரவில்லை. தண்ணீர்க் குழாயைக்கூட இரண்டு கையால் திருகினாள். கடை முதலாளியம்மா நல்லவர்தான். ஆனாலும், "மாசக் கடைசியில வந்து ஒரு முழு கேக் போட்டுக் காட்டும்மா. முடியலைன்னா நான் வேற ஆளைத்தான் வெச்சுக்கணும்" என்று சொல்லிவிட்டார். அந்த வேலை போனால் அக்கா பாதி ஆளாகிவிடுவாள். எங்களுக்கு அது தெரியும்.

கைக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் பெண், மற்றதோடு வீடியோ கேமும் விளையாடுங்கள், விரலுக்கு நல்லது என்றாள். என்னிடம் கேம் பெட்டி இருந்தது. தூக்கிக்கொண்டு போய் அவர்கள் டிவியில் மாட்டினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஆட்டம் எளிது. ஒரு குள்ளன் மேடைக்கு மேடை தாவி, பள்ளத்தையும் சுழலும் ரம்பத்தையும் தாண்டி ஒரு கதவை அடைய வேண்டும். அந்தக் குள்ளன்தான் அக்கா. இரண்டாவது ஆளுக்கு ஒரு மின்மினி. அது விழாது, சாகாது, தனியாக ஜெயிக்கவும் முடியாது. பொத்தானை அமுக்கினால் எதிரே வரும் ஆபத்தைக் கொஞ்ச நேரம் அசையாமல் நிறுத்தி வைக்கும். மாமாவுக்கென்றே அளவெடுத்துத் தைத்த பூச்சி அது!

மனுஷன் பிய்த்து உதறினார். ரம்பம் சுழலுமுன் நிறுத்தினார். பாறை உருளுமுன் நிறுத்தினார். குள்ளன் சாப்பிட்டுவிட்டுக் காலாற நடப்பவன் போலக் கதவு கதவாகப் போய்க்கொண்டிருந்தான்.

"தாவுறதுக்கு ஒண்ணுமே இல்லையேங்க" என்றாள் அக்கா.

"அதுக்குத்தானே நான் இருக்கேன்."

அடுத்த முறை போனபோது, பிசியோதெரபிஸ்ட் பெண் பிடியை அளக்கும் கருவியைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். முள் பழைய இடத்திலேயே நின்றது.

"தினமும் விளையாடுறீங்கதானே?"

"இவர் விளையாடுறாரு. நான் கூடப் போயிட்டு வரேன்."

அந்தப் பெண் மாமாவை ஒரு பார்வை பார்த்தாள். "சார், பலம் உங்க கைக்கா வரணும், அவங்க கைக்கா?"

வீடு வந்ததும் அக்கா வெடித்தாள். "இனிமே நான் கேட்டாத்தான் அமுக்கணும். முடியாதுன்னா சொல்லுங்க, நான் தம்பியோட ஆடிக்கிறேன்."

மாமா சோபாவின் நுனியில் உட்கார்ந்து கையைப் பிசைந்தார். "என் வண்டியில ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்ல. முகம் தெரியாதவங்களையெல்லாம் காப்பாத்தியிருக்கேன். நீ விழுந்தப்ப நான் பக்கத்துல இல்ல. அதுலேருந்து என்னால சும்மா இருக்க முடியலடி."

"நீங்க இருந்திருந்தாலும் படி ஈரமாத்தான் இருந்திருக்கும்" என்றாள் அக்கா. குரல் இறங்கிவிட்டது. எதற்கெடுத்தாலும் அவரைக் கிண்டல் செய்யும் எனக்கே அன்று பாவமாக இருந்தது.

மறுநாளிலிருந்து குள்ளன் எமன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடையாய் நடந்தான். விழுந்தான், நசுங்கினான், ரம்பத்தில் சீவப்பட்டான். ஒவ்வொரு சாவுக்கும் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்தில் மாமாதான் உண்மையாகவே செத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப அமுக்கவா?"

"வேண்டாம்."

"இப்பவாவது?"

"வாயை மூடிட்டு இருங்க!"

கடைக்குப் போக வேண்டியதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு கயிற்றுக் கட்டம் வந்தது. குள்ளன் கயிற்றில் தொங்கும் நேரம் முழுக்கப் பொத்தானை விடாமல் அமுக்கியிருக்க வேண்டும், விட்டால் பள்ளம். மேலே ரம்பம் போய் வந்துகொண்டிருந்தது. அக்காவின் கட்டைவிரல் வெளுத்து நடுங்கியது. உதட்டைக் கடித்தாள். மாமா ஒரு அமுக்கு அமுக்கினால் ரம்பம் நின்றுவிடும், அவள் சுலபமாக ஏறிவிடுவாள். அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே அதட்டினேன். குள்ளன் விழுந்தான். அக்கா கையை உதறிக்கொண்டு திரும்ப ஏறினாள். திரும்ப விழுந்தான். மாமா கேம் ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கையிரண்டையும் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டார். அந்த முறை அவள் விடவில்லை. ரம்பம் விலகும்வரை தொங்கி, எம்பி, மேலே போய் நின்றாள்.

கதவு திறக்கவில்லை. இரண்டு பேரும் வந்தால்தான் அது திறக்கும்.

"அங்க என்ன பண்றீங்க? வாங்க!"

"நீ கூப்பிடலையே" என்றார் மாமா. கண்ணைத் துடைத்துக்கொண்டு மின்மினியைப் பறக்கவிட்டார்.

கட்டம் முடிந்ததும் திரையில் மதிப்பெண் வந்தது. அக்காவுக்கு நிறைய. மாமாவின் மின்மினிக்கு எதிரே, செய்த உதவி என்ற இடத்தில் பெரிய பூஜ்யம். மாமா அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"டேய், நாளைக்குக் கடைக்கு நானும் வரேன். அங்கயும் நான் இதே மார்க் எடுத்துட்டா போதும்."

கடையில் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நாங்கள் உட்கார்ந்தோம். உள்ளே அக்கா பிழியத் தொடங்கினாள். பாதியில் கை நின்றது. பையைக் கீழே வைத்தாள். மாமா எழுந்தார். பிறகு எனக்கு வேலை வைக்காமல் அவரே உட்கார்ந்துகொண்டார். அக்கா விரல்களை மடக்கி நீட்டினாள், பையை எடுத்தாள், கடைசிப் பூ வரை முடித்தாள். முதலாளியம்மா கேக்கைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்து அவளிடம் நீட்டினார்.

அக்கா அதைக் கட்டிக்கொள்ளவில்லை. முதலில் ஒரு காலித் தட்டை எடுத்தாள். பையில் மிச்சமிருந்த கிரீமை நடுங்காமல் ஒரே சுற்றாகப் பிழிந்தாள். தட்டைக் கண்ணாடியில் நிமிர்த்தி வைத்து மாமாவுக்குக் காட்டினாள்: முழுசாக ஒரு பூஜ்யம்.