வால்டர் குறைத்த ஒரு சாண்

சத்தியம் செய்கிறவன் பாதிப் பொய்யன் என்பது வால்டரின் கட்சி. அப்படிப்பட்டவன் இந்த ஒரு விஷயத்தை மட்டும் அந்தோணியார் படத்தின்மேல் கை வைத்துச் சொன்னான். நம்ப இஷ்டமில்லாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். நடந்தது 1952 நவம்பரில், ஒரு வியாழக்கிழமை, பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள், நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

தண்டையார்பேட்டை டோல்கேட்டுக்கு வடக்கே, திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரம், தகரக் கொட்டகை போட்டு வால்டர் ஒரு சின்ன மரமில் வைத்திருந்தான். ஒரே ஒரு வட்ட ரம்பம். அதைச் சுற்ற ஓர் ஆயில் இஞ்சின். இஞ்சினைப் பார்த்துக்கொள்ள அருள்பிரகாசம். யானைக்கவுனி ரஷீது பாய் வண்டியில் கொண்டுவந்து போடும் வாகைக் கட்டைகளை இருவரும் பலகையாக அறுப்பார்கள். முக்காலி, பெஞ்சி, மீன் பெட்டி என்று எது விலை போகுமோ அதைச் செய்து விற்பார்கள். ராயபுரத்தில் கோயில் மணி துக்கத்துக்கு அடித்தால் சவப்பெட்டியும் செய்வார்கள்.

சவப்பெட்டிக்கு மட்டும் ஒரு முறை உண்டு. செத்தவரின் நீளத்துக்கு அந்த வீட்டுக்காரர்களே ஒரு சவுக்குக் குச்சியை வெட்டிக் கொண்டுவருவார்கள். அதை வைத்துத்தான் பலகை அறுக்க வேண்டும். வேலை முடிந்ததும் குச்சியை இரண்டாக உடைத்துப் பெட்டிக்குள்ளேயே போட்டு அனுப்பிவிடுவார்கள். செத்தவர் அளவு கொட்டகையில் தங்கக் கூடாது.

அன்று பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. இஞ்சினை நிறுத்திவிட்டு அருள்பிரகாசம் பின்பக்கம் சாப்பிடப் போனான். பன்னிரண்டு பத்துக்கு ஒரு பெண் வந்து நின்றாள். நடுத்தர வயது. முகத்தில் அழுத அடையாளம் இல்லை. கையில் ஒரு குச்சி.

"இந்த அளவுக்கு ஒரு பொட்டி வோணும்."

குச்சி நாலடிதான் இருந்தது. ஐயோ, குழந்தை என்று வால்டருக்கு மனசு கஷ்டப்பட்டது.

"எந்த வூடும்மா? யாருக்கு?"

"நாலு மணிக்கு வர்றேன்."

அவ்வளவுதான் பேச்சு. அவள் போன பிறகுதான் கவனித்தான். நின்ற இடத்தில் மண் சொதசொதவென்று நனைந்திருந்தது. அவள் புடவைத் தலைப்பிலிருந்து தண்ணீர் சொட்டியிருக்கிறது. மழை பெய்து நான்கு நாளாகிறது.

பன்னிரண்டு நாற்பதுக்கு இஞ்சினைக் கிளப்பினார்கள். வெயிலில் ஒரு வருஷம் காய்ந்த கட்டையைத்தான் ரம்பத்துக்குக் கொடுத்தார்கள். காய்ந்த வாகை ரம்பத்தில் பட்டால் தெருமுனை வரை கத்தும். அன்று கத்தவில்லை. இஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது, டப்... டப்... டப்... பலகை தானாக நழுவி வந்து விழுந்தது.

அருள்பிரகாசம் குனிந்து மரத்தூளை அள்ளினான். "அண்ணாத்தே, தூளு ஈரமா கீது."

"வேலையப் பாரு."

அந்தத் தூளில் கடல் வாடை அடித்தது. வால்டருக்கும் தெரிந்தது. தெரியாத மாதிரி இருந்துகொண்டான்.

ஒன்றரை மணிக்கு வால்டரின் ஒரே மகள் ஐரீன் சாப்பாடு கொண்டுவந்தாள். ஒன்பது வயது, ஓர் இடத்தில் நிற்காத பிள்ளை. சுவரில் சாய்த்திருந்த குச்சியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"நைனா, இது என் உசரம் கீது பாரு."

உச்சந்தலையும் குச்சி முனையும் நூல் பிடித்தாற்போல் ஒன்றாக இருந்தன. வால்டர் அதைப் பிடுங்கி எறிந்தான். ஒரு நாளும் அடிக்காதவன் அன்று மகளை முதுகில் ஓர் அடி வைத்தான். அழுதுகொண்டே அவள் பள்ளிக்கூடம் போனாள்.

இரண்டு ஐம்பதுக்குப் பெட்டி முடிந்தது.

மூன்று மணிக்குக் கொட்டகைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து அவன் மனைவி ஃப்ளோரன்ஸ் ஓடி வந்தாள். "ஸ்கூல்ல இருந்து இட்டாந்து வுட்டாங்க. ஐரீனுக்கு ஒடம்பு அனலாக் கொதிக்கிது. கண்ணு தொறக்க மாட்டேங்கிறா."

வால்டர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். "அருளு, கம்பவுண்டர இட்டுகினு வா. ஓடு." அருள்பிரகாசம் சட்டைகூடப் போடாமல் ஓடினான்.

வால்டர் வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியை முற்றத்துக்கு இழுத்து மண்ணெண்ணெய் ஊற்றினான். தீக்குச்சி கிழித்தான். மண்ணெண்ணெய் எரிந்தது. பலகை எரியவில்லை. கறுக்கக்கூட இல்லை. மழை பிடித்துக்கொண்டது. பெட்டியைத் திரும்பக் கொட்டகைக்குள் இழுத்தான்.

நான்கு மணிச் சங்கு.

அவள் வாசலில் நின்றாள். கொட்டும் மழையில்... தலைமுடி காய்ந்திருந்தது.

"அம்மா, அது என் பொண்ணு அளவும்மா." அவன் கை கூப்பினான். "எனக்கு ஒண்ணே ஒண்ணு."

அவள் பெட்டியைப் பார்த்தாள். "பெருசா இருந்தா குறைச்சுக்கோ."

அடுத்த மின்னலில் வாசல் காலியாக இருந்தது.

மரத்தைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. முதல் நாள் வேலைக்கு வருகிறவனுக்கும் தெரிந்த பாடம். வால்டர் யோசிக்கவில்லை. கால்மாட்டுப் பலகையைத் தட்டி எடுத்தான். ஒரு சாண் அளந்து கோடு போட்டான். ஐரீன் இதற்குள் அடங்கக் கூடாது. அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியது.

கைரம்பத்தை வைத்தான்.

சர்ர்... சர்ர்...

தள்ளினான். இழுக்கும்போது கை கனக்கவில்லை. இரண்டு பேர் பிடிக்கும் பெரிய ரம்பத்தில் எதிராள் இழுத்துக் கொடுப்பானே, அந்த இழுப்பு... எதிர்ப்பக்கம் யாரும் இல்லை.

நிறுத்தப் பார்த்தான்.

கை நிற்கவில்லை.

சர்ர்... சர்ர்...

கடைசியாகக் குச்சி. அதுவும் ஒரு சாண் குறைந்தது.

கால்மாட்டுப் பலகையை மறுபடி அடித்து முடித்தபோது மணி நாலு இருபத்தைந்து.

நாலு நாற்பதுக்கு ஃப்ளோரன்ஸின் குரல் கேட்டது. "வேர்த்துட்டுச்சு. கஞ்சி கேக்குறா." வால்டர் மரத்தூளில் உட்கார்ந்து அழுதான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. கம்பவுண்டரோடு நனைந்து வந்த அருள்பிரகாசம் செய்தி கேட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "மாதா காப்பாத்திட்டாங்க அண்ணாத்தே" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினான். அங்கே அவனுடைய ஆலிஸ் வாசலில் காத்துக்கொண்டிருப்பாள். நான்கு வயது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்து. அருள்பிரகாசம் கொட்டகை வாசலில் நின்றான். இஞ்சின் பக்கம் போகவில்லை.

அவன் கையில் ஒரு சவுக்குக் குச்சி.

"ராத்திரி காய்ச்சல் வந்துச்சு... மூணு மணிக்குப் போய்ட்டா."

வால்டர் குச்சியை வாங்கினான். பெட்டிக்குள் வைத்தான். ஒரு நூல் கூடவில்லை. ஒரு நூல் குறையவில்லை.

"ரெடியாவே கீது. நேத்து அறுத்தோமே, அது யாருக்கு அண்ணாத்தே?"

"யாரோ கேட்டாங்க."

"அவங்க வர்லியா?"

"வர்ல."

அருள்பிரகாசமே குச்சியை உடைத்துப் போட்டான். அந்தப் பெண் கொடுத்த குச்சியை வால்டர் கொட்டகை முழுக்கத் தேடினான். அது இல்லை. அறுத்துப்போட்ட ஒரு சாண் துண்டு மட்டும் கிடந்தது.

இரண்டு சாண் குறைத்திருந்தால்? நான்கு விரல் குறைத்திருந்தால்? தூங்காமல் கணக்குப் போட்டான். எந்த அளவுக்கு அறுத்திருந்தாலும், தண்டையார்பேட்டையில் அந்த அளவுக்கு ஒரு பிள்ளை இருந்திருக்கும்.

ஒரு மாதம் கழித்து ரஷீது பாய் கட்டை இறக்க வந்தார். வால்டரால் அடக்க முடியவில்லை. அவரைத் தனியே அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னான். பாய் பீடியைக் கீழே போட்டார்.

"உன்கிட்ட வந்தப்போ குச்சி எவ்ளோ?"

"நாலடி."

"திருவொத்தியூர்ல தாமோதரன் மில்லுக்கு வந்தப்போ அஞ்சடிக்குக் கொஞ்சம் கம்மி. அவன் பொஞ்சாதி உசரமாம். குறைச்சான். பக்கத்து வூட்டுப் பொண்ணு போய்ட்டா. அதுக்கு முன்னாடி நெட்டுக்குப்பத்துல தவசிமுத்து. அவன்கிட்ட வந்தப்போ ஆம்பள உசரம். அவனும் குறைச்சான்."

வால்டர் அவர் சட்டையைப் பிடித்தான். "தெரிஞ்சுகினே ஏன் பாய் எங்கிட்ட சொல்லல?"

"எனக்கே போன வாரம்தான் தெரியும். தாமோதரன் குடிச்சுட்டு உளறினான். அதுக்கப்புறம் போய்க் கேட்டப்போதான் தவசிமுத்துவும் ஒத்துக்கினான். குறைச்சவன் எவன் வாயத் தொறப்பான், வால்டரு? தெனம் உன் எதிர்ல நின்னு வேலை செய்ற ஆளுகிட்ட நீ சொன்னியா?"

வால்டர் திரும்பிப் பார்த்தான். அருள்பிரகாசம் இஞ்சின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். பிள்ளையை அடக்கம் பண்ணிய மூன்றாம் நாளே வேலைக்கு வந்துவிட்டவன்.

"ஓட்டட்டுமா அண்ணாத்தே?"

"ஓட்டு" என்றான் வால்டர்.